எண்ணெயால் தீராத முடியுதிர்வு

தலைமுடி கொட்டத் தொடங்கினால் நம்மவர் முதலில் தேடுவது எண்ணெய்ப் புட்டி. அடுத்துப் பழி சுமப்பது ஊர்த் தண்ணீர். தில்லிக்கு வந்த தமிழ் மாணவருள் இத்தண்ணீரைத் திட்டாதவர் உண்டா? திட்டட்டும், கேடில்லை. ஆனால் சிலரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அண்மையில் உன் கண்கள் மங்கினவா?"

வோக்ட்–கோயனாகி–ஹரடா என்றொரு நோய். 1906-இல் வோக்டும், 1926-இல் ஹரடாவும், 1929-இல் கோயனாகியும் எழுதியவற்றால் வந்த பெயர். உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே, கருநிறமி செய்யும் உயிரணுக்களைப் பகையென்று கருதித் தாக்குகின்றன. அவ்வுயிரணுக்கள் தோலில் மட்டுமா உள்ளன? கண்ணின் நடுப்படலம், உட்செவி, மூளையுறை, முடியின் வேர் எங்கும் உள்ளன. ஆகவே தலைவலியும் காதிரைச்சலுமாகத் தொடங்கி, சில நாட்களில் இரு கண்களும் மங்குகின்றன. விழித்திரைக்கு அடியில் நீர் கோத்து அது பெயர்கிறது. முடி உதிர்வதும், இமைமுடி நரைப்பதும், தோலில் வெண்திட்டு படர்வதும் பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான். பின்னால் வருவதே ஊரார் கண்ணில் முதலில் படுகிறது!

எங்கள் விடுதி அண்ணன் ஒருவருக்கு இந்நோய். பெயர் வேண்டாம். பார்வை தெளிந்துவிட்டது, ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் ஊதியது, தலையில் திட்டுத் திட்டாக முடி போயிற்று. வீட்டிலிருந்து தொலைபேசியில் ஒரே பேச்சு: "மாத்திரையை நிறுத்து, பெண் பார்க்கும் நேரம்."

நான் உயிர்வேதியியல் படிப்பவன், மருத்துவன் அல்லன். ஆயினும் இதை எதிர்த்துச் சொல்வேன். தொடக்கத்திலேயே போதிய அளவில் தந்து, குறைந்தது 6 மாதம் மெல்ல மெல்லக் குறைப்பதே இந்நோய்க்கு முறை. இடையில் விட்டால் நோய் திரும்பும். திரும்பத் திரும்ப வந்தால் பார்வையே போகலாம். ஸ்டீராய்டுக்குத் தீங்கில்லை என்று எவன் சொன்னான்? சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். அதற்காகவே வேறு மருந்துகளையும் உடன் சேர்க்கிறார்கள். அவற்றுள் சில முடியைச் சற்று மெலிவிப்பதும் மெய்யே. அதை மருத்துவரிடம் சொல்லி மாற்றுவழி கேட்கலாம். அளவைக் குறைப்பது அவர் வேலை, மாமாவின் வேலையன்று.

அண்ணன் இப்போது தொப்பியோடு வகுப்புக்கு வருகிறார். "தொப்பி ஏன்?" என்று கேலி பேசும் நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். மாதம் ஒருமுறை அவருக்குக் கண் பரிசோதனை. பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டபின் வெயிலில் தனியே பேருந்து ஏறுவது கடினம். யாரேனும் ஒருவர் துணைக்குப் போய்வாருங்கள்.