இசை தூண்டிலாகலாமா?

இசைக்கு உருகாத உள்ளம் இல்லை என்பர். எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் அதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. திருமணமோ திருவிழாவோ, முதலில் வருவது ஒலிபெருக்கிதான். துக்க வீட்டுக்குக் கானாப் பாட்டு. எனவே, மக்கள் விரும்பும் மெட்டுகளைக் கொண்டே கிறிஸ்துவை அறிவித்தால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். அது முறைதானா என்று சற்றே சிந்திப்போம்.

மெட்டுக்கு மதம் இல்லை. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற ஜெர்மானியர் 1601-ஆம் ஆண்டில் ஒரு காதல் பாட்டுக்கு அமைத்த மெட்டே, பின்னர் ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கும் பாடலின் மெட்டாயிற்று. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) மக்கள் விரும்பிய குறவஞ்சி வடிவில் ‘பெத்லகேம் குறவஞ்சி’யை இயற்றினார். அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபுக்கு வழிபாட்டில் உரிய இடம் தரவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-இல் அறிவித்தது. ஆகவே, பறையும் கானாவும் ஆலயத்துக்கு ஆகாதவை என்பதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

ஆனால், பாட்டின் வகையைக் கற்றுப் புதிதாகப் பாடுவது வேறு. பிறர் பாட்டை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது வேறு. சாஸ்திரியார் சொந்தமாகப் பாடினார். இன்னது பாடுகிறேன் என்று நூலின் பெயரிலேயே வெளிப்படையாகச் சொன்னார்.

2018 ஆகஸ்டில், கிறிஸ்தவப் பாடல்களைப் பாடிய கர்நாடக இசைக் கலைஞர்கள் சிலருக்கு எதிர்ப்பும் மிரட்டலும் வந்தன. மாதந்தோறும் இயேசுவையோ அல்லாவையோ பற்றிய கர்நாடகப் பாடல் ஒன்றை வெளியிடுவேன் என்று டி. எம். கிருஷ்ணா அவர்கள் விடையளித்தார். அத்துணிவைப் பாராட்டுகிறோம், மிரட்டல் தவறே. ஆயினும், தியாகராசர் கீர்த்தனையில் இராமன் பெயரை எடுத்துவிட்டு இயேசுவின் பெயரை வைக்கலாமா என்று அன்று எழுந்த கேள்விக்கு நாமும் விடை கூற வேண்டும். மாதா பாட்டு ஒன்றில் மாதாவின் பெயரை நீக்கி வேறு பெயரை வைத்து யாரேனும் பாடினால் நம் பாட்டிமார் மனம் என்ன பாடுபடும்? நமக்கு வலிப்பது பிறருக்கு வலிக்காதா?

திரைப்பட மெட்டுகளின் கதையும் இதுவே. மெட்டமைத்தவரின் உழைப்பை அவர் அனுமதியின்றி எடுத்தால், களவைத் தடுக்கும் ஏழாம் கட்டளை என்னாவது? மேலும், அம்மெட்டைக் கேட்டதும் மனக்கண்முன் நிற்பவர் ஆண்டவரா, அப்படத்தின் கதாநாயகரா?

இராயப்பரும் வலை வீசியவர்தாம். எனினும், தூண்டிலில் முள்ளை மறைத்து இரை வைப்பது மீனுக்கே, மனிதருக்கு அன்று. நம் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, சமயத்தைப் பரப்பும் உரிமையோடு மனச்சான்றின் உரிமையையும் சேர்த்தே தருகிறது. எங்கள் வகுப்பின் இந்து, இஸ்லாமியத் தோழியர் எங்களோடு கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பாடுகின்றனர். எதைப் பாடுகிறோம் என்று தெரிந்தே, விரும்பியே பாடுகின்றனர். அந்தத் தெளிவும் விருப்பமும் கேட்போர் அனைவருக்கும் வேண்டும்.

ஆகவே, சகோதரிகளே! ஏலேலோ பாடி வலை இழுத்த நம் தாத்தாமாரிடம் பாடம் கேட்போம். கானா பாடுவோரை மதிப்புடன் அழைத்துக் கற்போம். நம் சொற்களைக் கொண்டு நாமே பாட்டுக் கட்டுவோம். உதவியவர் பெயரை மேடையில் சொல்வோம். இறைவனுக்குப் படைக்கும் இசை யாரையும் பிடிக்கும் இரையாக வேண்டாம், காணிக்கையாகட்டும். காணிக்கைப் பொருள் நேர்மையாக ஈட்டியதாய் இருக்கட்டும்!