மலைவழி மோட்டார் யாத்திரை

நான்கு சக்கரங்களும் ஒருசேர இழுக்கும் மோட்டார் வண்டியில் ஏறி, தார் காணாத மலைவழிகளில் நாட்கணக்காகப் பிரயாணம் செய்யும் ஆவல் நம் நாட்டு வாலிபர்களிடையே சில ஆண்டுகளாக வேகமாகப் பரவி வருகிறது. ஸ்பிதி, லடாக் என்னும் பெயர்கள் இன்று சென்னையிலும் மதுரையிலும் வீட்டுப் பேச்சாகிவிட்டன. இதனை நாம் குறை கூறவில்லை, மனமார வரவேற்கிறோம். ரயில் ஜன்னல் வழியாகத் தேசத்தைப் பார்த்தவன் அதன் பட்டணங்களை அறிவான். மண்வழியே சென்று, கிராமத்தில் இராத் தங்கி, கண்டவர்களிடம் வழி கேட்டுத் திரும்பியவனே அதன் ஜனங்களை அறிவான். ஆயினும் இந்த நல்ல ஆவல் தொடங்குகிற இடம் தவறாக இருக்கிறது. அது கடையில் தொடங்குகிறது. பழக்கத்தில் தொடங்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். இதைப் பொருட்படுத்தாவிட்டால் போகப்போவது பணம் மட்டுமன்று; உயிரும் போகும், பிறருடைய நிலமும் பாழாகும்.

வண்டியே சகலமும் என்று நினைப்பவர்கள் 1955-ஆம் ஆண்டின் சம்பவம் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளைச் சேர்ந்த ஆறு வாலிபர்கள் இரண்டு லாண்ட் ரோவர் வண்டிகளில் லண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் கையில் இன்றைய கைப்பேசி இல்லை. வழிகாட்டும் செயற்கைக்கோளும் வானில் இல்லை. ஆனால் புறப்படுமுன் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் வண்டியின் பழுது பார்ப்பது, ஒருவர் வழியையும் அனுமதிப் பத்திரங்களையும் கவனிப்பது, ஒருவர் உணவுக்கும் சாமான்களுக்கும் பொறுப்பேற்பது என்று ஏற்பாடு இருந்தது. அவர்களைக் கரை சேர்த்தது இந்த ஏற்பாடேயன்றி இரும்பின் கனமன்று.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் தலைமை ஊராகிய காஸாவுக்கு ஹிமாசலப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணப் பஸ் போய் வருகிறது. அதன் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கின்றன. மூட்டைமுடிச்சுகளுடன் கிராமத்து ஜனங்கள் அதில் அமர்ந்திருக்கிறார்கள். அதே வழியில், பல லட்ச ரூபாய் விலையுள்ள புது வண்டி ஆற்றுக் கூழாங்கற்களில் அகப்பட்டுக்கொண்டு நிற்பதும் உண்டு. பஸ்ஸின் சாரதிக்குச் சாலையின் குணம் தெரியும். அவசரமும் அவருக்குக் கிடையாது. வித்தியாசம் இவ்வளவுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர் செய்யும் முதல் தவறு, வண்டி வாங்கிய மறுநாளே அதற்கு அலங்காரம் செய்யத் தலைப்படுவது. முன்புறம் இரும்புத் தடுப்பு, கூரைமேல் சாமான் தட்டு, அதன்மேல் பெட்டிகள், அளவுக்கு மிஞ்சிய டயர்கள் என்று பணம் கரைகிறது. முன்புற இரும்புத் தடுப்புகளை அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே ராஜ்யங்களுக்கு உத்தரவிட்டது. தயாரித்தவர் குறித்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தியமைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கூரையில் ஏற்றிய பாரம் வண்டியின் கனத்தை மேலே கொண்டுபோகிறது. சரிவான பாதையில் வண்டி கவிழ்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வேண்டுவது என்ன? தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நல்ல இடைவெளி. நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி. அதனுடன் மிகத் தாழ்ந்த வேகத்தில் பெரும் இழுவிசை தரும் லோ கியர். மஹிந்திராவின் தார், மாருதியின் ஜிம்னி, ஃபோர்ஸின் கூர்க்கா முதலிய உள்நாட்டுத் தயாரிப்புகளில் இவை கிடைக்கின்றன. பழைய வண்டியானாலும் எஞ்சினும் பிரேக்கும் சீராயிருந்தால் போதும். அதற்குமேல் ஒரு காற்றுமானி, டயருக்குக் காற்றடிக்கும் சிறு பம்பு, மண்வெட்டி, வண்டியின் எடையைத் தாங்கும் இழுவைக் கயிறு, நல்ல நிலையிலுள்ள மாற்று டயர், மருந்துப் பெட்டி இவை வேண்டும். முதல் வருஷத்துக்கு இவை தாராளம்.

பொருள் சேர்ந்தபின் பழக்கம் வர வேண்டும். முதல் பிரயாணம் ஓர் இரவு, வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டர், தனக்குத் தெரிந்த ஊர். அது போதும். எதை மறந்தோம், எதை வீணாகச் சுமந்தோம் என்பது அந்த ஓர் இரவிலேயே தெரிந்துவிடும். பழகும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நமது கடற்கரை மணல் பழகுவதற்கு ஏற்றதென்று சிலர் எண்ணுகிறார்கள். ஜனவரி முதல் கடலாமைகள் முட்டையிடும் மணல் அது. அங்கே சக்கரத்துக்கு வேலையில்லை. காப்புக் காடுகளும் அப்படியே. உரிமையாளரின் அனுமதியுடன் தனியார் நிலத்தில் பழகுவதே முறை.

அங்கே கற்க வேண்டியவை சில. மணலில் வண்டி புதைந்தால் எஞ்சினை முடுக்குவது பயனற்றது; சக்கரம் சுழலச் சுழலக் குழிதான் ஆழமாகும். வழக்கமாக 30 பவுண்டுக்கு மேல் காற்று நிற்கும் டயரில் 15 முதல் 18 பவுண்டு வரை குறைத்தால், டயர் பரந்து மணலின்மேல் மிதந்து செல்லும். தார்ச் சாலைக்குத் திரும்பியவுடன் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும். நிரப்பாமல் வேகம் பிடிப்பவன் டயரை வெடிக்கச் செய்கிறான். வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்குமாறு அமைந்த வண்டிகளில், உலர்ந்த தார்ச் சாலையில் அவ்வமைப்பைப் பூட்டி ஓட்டலாகாது. வளைவுகளில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த முறுக்கம் பற்சக்கரங்களைத் தின்றுவிடும். அகப்பட்ட வண்டியை இழுக்கும்போது, உறுதியான கொக்கியில் கயிற்றை மாட்டி, மற்றவர்களைத் தூர நிறுத்த வேண்டும். அறுந்த கயிறும் பிய்ந்த கொக்கியும் குண்டு போலப் பாய்ந்து ஆளைக் கொன்றிருக்கின்றன.

இவ்வளவும் பழகியபின் ஸ்பிதிக்குப் போகலாம். அங்கே போவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மணாலியிலிருந்து குன்ஸம் கணவாய் வழியாகச் செல்வது. மற்றொன்று, சிம்லாவிலிருந்து கின்னௌர், நாக்கோ, தாபோ வழியாகச் செல்வது. 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டபின் மணாலி வழி மேலும் சுலபமாயிற்று. அநேகர் அதையே நாடுகிறார்கள். தொடங்குகிறவர் அதை நாடலாகாது என்பது நமது உறுதியான கருத்து. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள மணாலியில் காலையில் புறப்பட்டவர் மாலைக்குள் 4,500 மீட்டரைத் தாண்டுகிறார். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும் உயர்மலை நோய், நடை தள்ளாடுவதிலும் சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறுவதிலும் முற்றி, உயிரையே வாங்கக்கூடும். 3,000 மீட்டருக்கு மேலே, ஓர் இரவு தங்கும் இடத்துக்கும் மறு இரவு தங்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம் கூடாதென்பது வைத்திய நிபுணர்களின் விதி. நோய் கண்டபின் மேலே போகாமல் நிற்க வேண்டும். முற்றினால் உடனே கீழே இறங்க வேண்டும். சிம்லா வழியோ பல நாட்களில் படிப்படியாக உயர்கிறது. வழியில் தாபோவில், 996-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பௌத்த மடாலயத்தையும் நிதானமாகத் தரிசிக்கலாம். ஏறுவது சிம்லா வழி. உடல் பழகியபின் இறங்குவது குன்ஸம் வழி. இந்த ஒரு விதி, ஆயிரம் சாமான்களைவிட அதிகமான உயிர்களைக் காக்கும்.

குன்ஸம் வழியில் பனி உருகிய ஓடைகள் பாதையின் குறுக்கே பாய்கின்றன. வெயில் ஏற ஏறப் பனி உருகுவதால், காலையில் கணுக்கால் அளவு ஓடிய நீர் பிற்பகலில் வண்டியைத் தள்ளும் வெள்ளமாகிவிடும். ஆகையால் ஓடைகளை அதிகாலையில் கடக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஓடுநீர் பெரும்பாலான மோட்டார் வண்டிகளை அடித்துச் செல்லப் போதுமானது. சந்தேகம் வந்தால் கரையில் காத்திருப்பதே வீரம். கையில் உபரியாக இரண்டு நாள் இல்லாதவன் இவ்வழியில் அடி வைக்கலாகாது. 2023 ஜூலையில், கோடை நடுவில், எதிர்பாராத பனிப்பொழிவால் சந்திரதால் ஏரியருகே சுமார் 300 பேர் அகப்பட்டுக்கொண்டு, சில நாட்களுக்குப் பின்னரே மீட்கப்பட்டார்கள். வண்டி வைத்திருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பாதை மூடியபின் வண்டி என்ன செய்யும்?

இனி நாம் சொல்லப்போவது, சொந்த உயிரைப் பற்றிக் கவலையில்லை என்பவர்களுக்கும் உரியது. ஸ்பிதி வெறும் பொட்டல் அன்று. மழை மிகக் குறைந்த அந்தக் குளிர்ப் பாலையில், பனி உருகிய நீரை மலைச்சரிவுகளில் சிறு கால்வாய்களாகக் கொண்டுவந்து ஜனங்கள் பார்லியும் பட்டாணியும் விளைவிக்கிறார்கள். பயிர்க்காலம் சில மாதங்களே. காட்சிக்காகப் பாதையைவிட்டு விலகிய சக்கரம் ஒரு கால்வாயின் கரையை உடைத்தால், உடைந்தது ஒரு குடும்பத்தின் வருஷ ஜீவனம். புல் வளர அங்கே பல ஆண்டுகள் செல்லும்; சக்கரத்தின் தடம் சீக்கிரத்தில் ஆறாது. சந்திரதால், 2005 முதல் ராம்ஸார் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள ஈரநிலம். இவற்றையெல்லாம் அறியாமல், 2023 டிசம்பரில் லாஹௌலில் ஒருவர் சந்திரா ஆற்று நீருக்குள்ளேயே வண்டியை ஓட்ட, போலீஸார் அபராதம் விதித்தனர். சாலை நெரிசலைத் தவிர்க்க இறங்கினாராம்! ஆறு சாலையன்று என்பதைச் சொல்லித்தர ஒரு போலீஸ்காரர் தேவைப்படுகிற நிலைமை நமக்கு வெட்கக்கேடு.

“சாகசம் என்றால் ஆபத்தும் இருக்கத்தான் செய்யும், விதிகளைக் கட்டினால் சுதந்திரம் எங்கே?” என்று சிலர் கேட்பார்கள். தன் ஆபத்தைத் தானே சுமப்பவன் அப்படிக் கேட்கலாம். ஆனால் அகப்பட்டவனை மீட்கப் பனியில் நடந்து வருபவர் உள்ளூர்க் கிராமத்தாரும் சர்க்கார் சிப்பந்திகளும் அல்லவா? பிறர் தோள்மேல் ஏறி நின்று பெறுவது சுதந்திரமன்று. வேறு சிலர், இவ்வழிகளையே வெளியாருக்கு மூடிவிடலாம் என்பார்கள். அதையும் நாம் ஒப்பவில்லை. யாத்திரிகர் தரும் வருமானத்தால் அங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. மூடுவது சுலபம், ஒழுங்குபடுத்துவதே ராஜ்ய நிர்வாகம்.

ஆகவே மூன்று காரியங்களைக் கோருகிறோம். முதலாவது, இத்தகைய வண்டியை விற்கும் கம்பெனிகள், வாங்குபவருக்கு ஒரு நாள் பயிற்சியையும் சேர்த்தே அளிக்க வேண்டும். மோட்டார் சங்கங்கள் ஜில்லாதோறும் பயிற்சி நிலம் ஏற்படுத்த வேண்டும். நம் ஓட்டுநர் உரிமப் பரீட்சையில் மணலும் இல்லை, ஓடையும் இல்லை என்பதை யாவரும் அறிவர். இரண்டாவது, ஏரிக்கரைகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் வண்டி செல்லத்தக்க தடத்தைக் கல் நட்டு எல்லையிட வேண்டும், எல்லைக்கப்பால் கால்நடையே. மூன்றாவது, யாத்திரிகரிடம் வசூலாகும் கட்டணத்தின் ஒரு பங்கு அந்தந்தக் கிராமத்தின் மீட்புப் பணிக்கும் குப்பை அகற்றுவதற்கும் நேரே போய்ச் சேர வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை வாலிபர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்வருஷம் வண்டிக்கு அலங்காரம் வாங்க வைத்திருக்கும் தொகையை நல்ல டயருக்கும், பயிற்சிக்கும், கூடுதலாக இரண்டு நாள் விடுமுறைக்கும் செலவிடட்டும். தனியே போகாமல் இரண்டு வண்டிகளாகப் போகட்டும். போகும் வழியையும் திரும்பும் நாளையும் வீட்டில் எழுதிவைத்துப் போகட்டும். உள்ளூர்க்காரர் “இன்று வேண்டாம்” என்றால் அன்றே வண்டியைத் திருப்பட்டும். கணவாய் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். திரும்பி வந்தவனுக்குத்தான் அடுத்த பிரயாணம் உண்டு.