மூச்சு விடக் கற்றுக் கொடுக்கும் நர்ஸம்மா



“இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் உத்தியோகம் பார்க்கிறேன். அதில் பதினைந்து வருஷம் மனநோய் வார்டில். ஏழு வருஷமாக அங்கே தலைமை நர்ஸ். இதை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போகலாமென்று எண்ணுகிறேன். வீட்டில் என்னவென்றால், முதலில் எனக்கே வைத்தியம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?”

பொன்னேரியிலிருந்து வந்த கடிதம் இது. நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில்தான் அந்த வேறு தொழில் என்னவென்று எழுதியிருந்தார். மைண்ட்ஃபுல்னெஸ் லீடர்ஷிப் கோச். மூன்று இங்கிலீஷ் வார்த்தைகள் சேர்ந்தாற்போல் வந்தால் சந்தேகப்படுவது என் சுபாவம். கடிதத்தை மடித்து மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். பதினைந்து நாள் கழித்து, பொன்னேரிப் பக்கம் ஒரு கல்யாணம் வந்தது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் உட்கார்ந்தபோது அந்த அம்மாளின் நினைப்பும் கூடவே ஏறி உட்கார்ந்துகொண்டது. முகூர்த்தச் சாப்பாடு முடிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவருடைய பிறந்தகம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பம். அப்பா வலைக்காரர், இப்போது இல்லை. அம்மா கூடை சுமந்து மீன் விற்று மகளைப் படிக்க வைத்தவர். அந்த அம்மாளும் அன்று பொன்னேரிக்கு வந்திருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் மோவாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏம்மா, மூச்சு வுடறதுக்குக் கூடவா காசு குடுத்துக் கத்துக்கறாங்கோ?”

மகள் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி நியாயமான கேள்விதான், பாருங்கள்.

நடந்தது இதுதான். அவர் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியில் சென்ற வருஷம் இரண்டு இளம் நர்ஸுகள் அடுத்தடுத்து ராஜிநாமாச் செய்துவிட்டார்கள். இருப்பவர்களுக்கு இரவு டியூட்டி இரட்டிப்பாயிற்று. இன்னும் ஆட்கள் வேண்டுமென்று இவர் எழுதிக் கேட்டார். ஆட்கள் வரவில்லை. அதற்குப் பதிலாக, ‘தலைமைப் பண்பு’ கற்றுக்கொண்டு வரும்படி இவரை ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த ஒருநாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஆளுக்கு ஒரு கிஸ்மிஸ் பழத்தைக் கையில் கொடுத்து, அதைப் பார், முகர்ந்து பார், வாயில் போட்டு மெதுவாகச் சுவைத்துப் பார் என்றார்களாம். ஒரு பழத்துக்குக் கால் மணி நேரம்! “என் வார்டில் அந்தக் கால் மணிக்குள் மூன்று பேருக்கு மருந்து கொடுத்து முடித்திருப்பேனே என்று ஆத்திரமாக வந்தது அம்மா” என்றார்.

ஆனால் ஒரு வாரம் கழித்து ஒரு இரவில், புதிதாகச் சேர்ந்த நோயாளி ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, தம்முடைய மூச்சு எங்கே இருக்கிறதென்று இவருக்குச் சட்டென்று தெரிந்ததாம். நோயாளியிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவது, வாசலை மறித்து நிற்காமல் பக்கவாட்டில் நிற்பது, கோபத்தைத் தம்மேல் வந்ததாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது எல்லாம் மனநோய் நர்ஸுகளுக்குப் பழக்கந்தான். “ஆனால் அதுவரையில் அவரை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கவனித்தது அன்றைக்குத்தான். வார்டில் இவ்வளவு பொறுமையாக இருக்கிறவள் வீட்டுக்கு வந்து குழந்தைகளிடம் ஏன் கத்துகிறேன் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது.”

இதைக் கேட்ட பிறகு என் சந்தேகம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியோடு ஊர் திரும்பி, இந்தச் சமாசாரம் எங்கே பிறந்ததென்று பார்க்கலானேன்.

பிறந்தது ஒன்றும் அமெரிக்காவில் அல்ல. புத்தர் சொன்ன ‘சதி’ என்னும் விழிப்பு அது. ஆபீஸுக்குள் அதைக் கொண்டுவந்து வைத்தவர்களில் முக்கியமானவர் நம் பக்கத்து நாடாகிய பர்மாவில் இருந்தவர். பெயர் ஊ பா கின். 1948-ல் பர்மா சுதந்திரமடைந்தபோது அதன் முதல் அக்கௌண்டன்ட் ஜெனரல் அவர்தான். 1950-ல் தம்முடைய ஆபீஸிலேயே தியானச் சங்கம் ஒன்றை ஏற்படுத்திச் சிப்பந்திகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1952-ல் ரங்கூனில் தியான நிலையமே தொடங்கினார். உத்தியோகத்தை விட்டாரோ என்றால், அதுதான் இல்லை. 1967 வரையில் சர்க்கார் வேலையும் பார்த்துக்கொண்டு, ஒழிந்த வேளையில் தியானமும் கற்பித்தார். ரங்கூனிலிருந்து திரும்பிய குடும்பங்கள் சென்னையில் அநேகம். பெரியவர்கள் யாராவது இருந்தால் விசாரித்துப் பாருங்கள், அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

அவரிடம் 1955-ல், தீராத தலைவலிக்காகப் போய்ச் சேர்ந்த வியாபாரி ஒருவர்தான் கோயங்கா. 1969-ல் இந்தியாவுக்கு வந்து, விபஸ்ஸனா என்ற பத்து நாள் மௌனப் பயிற்சியை நாடு முழுவதும் பரப்பினார். அதற்குக் கட்டணமே கிடையாது. அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் என்பவர் 1979-ல் மாஸசூஸெட்ஸ் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில், டாக்டர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தும் வலி தீராதவர்களுக்கென்று எட்டு வாரப் பயிற்சி ஒன்றை வகுத்தார். வாரம் ஒரு நாள் இரண்டரை மணி வகுப்பு, நடுவில் ஒரு முழுநாள் மௌனம், வீட்டில் தினம் முக்கால் மணி அப்பியாசம். கிஸ்மிஸ் பழம் அவர் வகுப்பிலிருந்து கிளம்பியதுதான். ஆக, ஆஸ்பத்திரியில் பிறந்தது ஹோட்டலுக்குப் போயிருக்கிறது. நம் நர்ஸம்மா ஆஸ்பத்திரியிலிருந்து அதன் பின்னாலேயே போக நினைக்கிறார்.

‘கோச்’ என்ற வார்த்தைக்கும் ஒரு வேடிக்கையான கதை உண்டு. ஹங்கேரி தேசத்தில் கோச் என்ற ஊரில் செய்த குதிரை வண்டிக்குத்தான் முதலில் அந்தப் பெயர். நம் பாட்டிமார் சொல்லும் ‘கோச்சு வண்டி’ அதுவேதான். மாணவனைப் பரீட்சையிலிருந்து கரை சேர்க்கிற வாத்தியாரை ஆக்ஸ்போர்டில் கேலியாக அப்படி அழைத்தார்கள், அது நிலைத்துவிட்டது. வண்டியின் வேலை, ஏறியவர் போக நினைக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது. எங்கே போக வேண்டுமென்று வண்டி சொல்லாது. இருபத்திரண்டு வருஷம் பிறருக்கு உத்தரவு கொடுத்துப் பழகிய தலைமை நர்ஸுக்கு இது சுலபமா என்று கேட்டேன். “அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம்” என்று உடனே ஒப்புக்கொண்டார். இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

உங்களில் உத்தியோகத்திலிருக்கிற சகோதரிகள் பலர் இப்படி ஒரு மாறுதலைப் பற்றி நினைத்திருப்பீர்கள். அதனால் அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

ஒருநாள் வகுப்பில் கற்றதை வைத்துக்கொண்டு பலகை மாட்டக் கூடாது. எட்டு வாரமோ பத்து நாளோ, முதலில் தாமே பூராவும் செய்து பார்க்க வேண்டும். பிறகு கற்பிப்பதற்கென்று உள்ள பயிற்சி வேறு. கோச் தொழிலுக்கு, 1995-ல் ஏற்பட்ட சர்வதேச கோச்சிங் சம்மேளனம் கொடுக்கிற ஆரம்பச் சான்றிதழ் ஒன்றுக்கே அறுபது மணி நேரப் படிப்பும் நூறு மணி நேர அநுபவமும் கேட்கிறார்கள். சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. யார் வேண்டுமானாலும் கோச் என்று போட்டுக்கொள்ளலாம் என்பதால்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது, இதன் பலனைப் பெரிதாகச் சொல்லி விற்கக் கூடாது. 2014-ல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் 47 பரிசோதனைகளைச் சேர்த்து அலசிப் பார்த்திருக்கிறார்கள். கவலைக்கும் மனச்சோர்வுக்கும் வலிக்கும் தியானப் பயிற்சிகள் ஓரளவு நன்மை செய்கின்றன. ஆனால் மருந்தையோ தேகாப்பியாசத்தையோ விட மேலானது என்பதற்கு ருசுவில்லை. கடுமையான மனநோய் உள்ளவர்கள் பத்து நாள் மௌனத்தில் உட்காரக்கூடாது என்று தியான நிலையங்களே எச்சரிக்கின்றன. இங்கேதான் நம் நர்ஸம்மாவின் பழைய உத்தியோகம் தங்கமாகிறது. எதிரே உட்கார்ந்திருக்கிற மானேஜர் வேலைப் பளுவில் களைத்திருக்கிறாரா, அல்லது மூன்று வாரமாகத் தூங்காமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு வந்திருக்கிறாரா என்பதை அவர் முகத்தைப் பார்த்தே சந்தேகிக்கக் கூடியவர் இவர். அப்போது மூச்சைக் கவனிக்கச் சொல்லாமல், டாக்டரிடம் அழைத்துப் போவார். (14416 என்ற எண்ணில் 2022 அக்டோபரிலிருந்து இரவு பகலாக இயங்கும் சர்க்கார் மனநல உதவி இருக்கிறது. காசில்லை. சமையலறை காலண்டரில் எழுதி வையுங்கள்.)

மூன்றாவதாக ஒன்று சொன்னேன். அதைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. “ஆட்கள் கேட்டதற்கு உங்களுக்குக் கிஸ்மிஸ் பழம் கொடுத்தார்களே, நாளைக்கு நீங்களும் பிறருக்கு அதையே செய்யப் போகிறீர்களா?” என்றேன். பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குகிற கம்பெனி, நேரத்தைக் குறைக்காமல் இவரைக் கூப்பிட்டு மூச்சு வகுப்பு வைக்கச் சொல்லும். பணமும் நன்றாகக் கொடுக்கும்.

பதில் சொன்னது மகள் அல்ல, அம்மா. பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி நல்ல மீன்பாடுள்ள இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைக் குப்பத்தார் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். பல தலைமுறையாக நடக்கிறது. அதில் இடம் கிடைக்காத ஜனங்களுக்கு மனக்குறை உண்டு. பெண்களுக்கோ பங்கே கிடையாது. அதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த அம்மாள் சொன்னதைக் கேளுங்கள்: “எங்க ஆம்பளைங்க கோவக்காரங்கதான். முறை போட்டு வச்சதாலதான் வெட்டுக்குத்து இல்லாம இருக்குது. முகத்துவாரம் மண்ணு மூடிப்போச்சுன்னா கண்ண மூடி உக்காந்தா மீனு வருமா? தூரு வாரணும்.”

பிறகு அவரே இன்னொன்றும் சொன்னார். ஏரியின் ஆழமில்லாத இடங்களில் இருளர் பெண்கள் வலையில்லாமல், சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. அதைப் பல்லால் கடித்துக்கொண்டு தண்ணீரில் போவார்கள். வாய் திறந்து பேசவே முடியாது. கையிலேதான் முழுக் கவனமும். “அதுங்க யார்கிட்ட கத்துக்கினாங்கோ?” என்றார். மகள் பேசாமல் இருந்தார்.

நான் அவருக்கு சாரதா மேனனைப் பற்றிச் சொன்னேன். இந்தியாவின் முதல் பெண் மனநோய் மருத்துவர் என்று பெயர் பெற்றவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைவர். ஓய்வுபெற்ற பிறகு 1984-ல், சிஸோஃப்ரீனியா என்னும் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ‘ஸ்கார்ஃப்’ என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். 2021-ல், 98-வது வயதில் காலமானார். அவரும் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தவர்தான். ஆனால் நோயாளிகளை விட்டு வெளியே வரவில்லை. எல்லோரும் அப்படி இருக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. பதினைந்து வருஷம் அந்த வார்டில் நின்றவருக்குச் சலிப்பு வர உரிமை உண்டு. “சலிப்புத்தான் காரணமென்றால் அதையும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். முதலில் ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்” என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை: ஒரு வருஷத்துக் குடும்பச் செலவு பாங்கியில் இருக்கிறதா என்று கேளுங்கள், நியாயம். வைத்தியம் பார்க்க வேண்டும் என்று கேலி செய்யாதீர்கள். மனநோய் வார்டில் வேலை செய்கிறவர் வீட்டிலேயே அந்தப் பேச்சு எழுந்தால், மற்ற வீடுகளைப் பற்றி என்ன சொல்வது?

புறப்படும்போது அம்மாள் ஒரு காகிதப் பொட்டலத்தில் இறால் கருவாடு கட்டிக் கொடுத்தார். மின்சார ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பற்றி இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

போன வாரம் நர்ஸம்மாவிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. ராஜிநாமாச் செய்யவில்லை. எட்டு வாரப் பயிற்சியில் சேர்ந்து ஐந்தாவது வாரம் நடக்கிறதாம். முதல் காரியமாக டியூட்டிப் பட்டியலைத் திருத்தி எழுதி, யாருக்கும் தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் வராதபடி முறை வைத்துவிட்டார். அதற்கு ஆஸ்பத்திரி நிர்வாகம் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்திருக்கிறது. இன்னும் இரண்டு ஆட்கள் வேண்டுமென்று மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பதில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் இரவு டியூட்டி முடிகிற வேளையில், நர்ஸுகளின் அறையில் பத்து நிமிஷம் எல்லோருமாகச் சும்மா உட்காருகிறார்களாம். முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். அதில் ஒரு பெண் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். இவர் எழுப்பவில்லையாம். அலமாரியிலிருந்து ஒரு போர்வையை எடுத்து அவள்மேல் போர்த்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டாராம்.