ஓரமா நடந்த உடம்பு

கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள், பெயரை மறந்துவிடுங்கள், இப்போது நீங்கள் வெறும் உடல் என்றார்கள். நகரத்தில் மூன்று நாள் உடலசைவுப் பட்டறை. வட்டமாக இருபது பேர். நண்பர் ஒருவர் பணம் கட்டி என்னை அனுப்பியிருந்தார்.

பொய் சொல்லக் கூடாது. முதல் நாள் தரையில் மல்லாந்து கிடந்தது எனக்குப் பிடித்திருந்தது. யாரும் ஏவாமல் என் உடம்பு பகலில் சும்மா கிடந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

இரண்டாம் நாள், கூடம் முழுக்க உங்களுடையது, இஷ்டம்போல நடங்கள் என்றார்கள். நடந்தேன். பயிற்சியாளர் கைதட்டி நிறுத்தினார். "நீங்க மட்டும் ஏன் சுவத்த ஒட்டியே நடக்கறீங்க? இடத்தப் பாத்துப் பயமா? அத விட்டுடுங்க." எல்லோரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள்.

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தாத்தா பழக்கிய நடை அது. ஊர்த்தெரு வந்தா செருப்பக் கழட்டிக் கையில எடு, துண்ட இடுப்புல கட்டு, ஓரமா நட, எதுக்க ஆள் வந்தா நில்லு. தாத்தா செத்துப்போனார், ஊரை விட்டு நானும் வந்து வருசக்கணக்காச்சு. கால் மறக்கவில்லை. இதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போச்சு. "சாதியெல்லாம் இங்க வேணாமே. இது உடம்பு சம்பந்தப்பட்டது."

சாதி வேறு எது சம்பந்தப்பட்டதாம்? எங்கே நிற்பது, எந்தக் குவளையைத் தொடுவது, எவ்வளவு குனிவது என்று உடம்புக்குத்தானே அது பாடம் நடத்தியது? 1927 மார்ச் 20இல் மகாடில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் ஊர்வலமாக நடந்து போய், சவுதார் குளத்தில் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். நடந்தார்கள், குனிந்தார்கள், அள்ளினார்கள், அவ்வளவுதான். அதற்கு அடி விழுந்தது. குளத்துக்குச் சாணியும் கோமியமும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். கூட்டு உடலசைவு என்றால் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

பிரேசில்காரர் அகஸ்தோ போவால் 1973இல் பெருவில் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தபோது, செய்கிற தொழில் ஒருவரின் தசையை எப்படி வளைத்து வைத்திருக்கிறது என்று அவரே கண்டுகொள்வதை நாடகத்தின் முதல் படியாக வைத்தார். பெயரை மற என்று அவர் சொல்லவில்லை. நம்மூர்ப் பட்டறைகள் அவருடைய விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு கேள்வியைக் கழற்றி வீசிவிடுகின்றன.

மூன்றாம் நாள் உற்சாகம் ஏற்ற ஒரு பறை வந்தது. தீயில் காய்ச்சாத தோல், தொப் தொப்பென்றது. பயிற்சியாளர் நேராக என்னிடம் குச்சியை நீட்டினார். "உங்களுக்குத் தெரியுமே!"

நேற்று சாதி வேணாம் என்றவருக்கு இன்று பறை யாருடையது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. எங்கப்பா, சாவுக்கு அடிக்க மாட்டேன்னு குச்சியைக் கீழே போட்டவர். அதுக்காக எங்க தெருவுக்கே காட்டு வேலை நின்னுபோச்சு. நான் குச்சியை வாங்கவில்லை. நீங்க தோள்ல மாட்டுங்க, நான் அடி சொல்லித் தர்றேன் என்றேன். தோள்வலி என்றார்.

நம்ம ஆம்பளைகளும் யோக்கியமில்லை. பொம்பளை பறையைத் தொடக் கூடாது என்று வெகுகாலம் சொன்னவர்கள்தான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் அதை மாட்டிக்கொண்டு ஆடிய பிறகே பலருக்கு வாய் அடைத்தது.

வர்ற ஞாயிற்றுக்கிழமை எங்க சேரிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வைத்து அதே நடைப் பயிற்சியைச் செய்யப்போகிறேன். கண்ணை மூடச் சொல்ல மாட்டேன். யார் யார் சுவரை ஒட்டி நடக்கிறார்கள், யார் சொல்லிக் கொடுத்தது என்று அவர்களையே கேட்பேன். அப்புறம் நடுக்கூடத்தில் நடக்கணும். நானும்தான்.