ஆண்டவர் என்னும் சொல்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மறையுரையில், “இறைவனே நம் ராஜா” என்று இரண்டு மூன்று முறை சொல்லிவிட்டேன். பூசை முடிந்ததும், பீடி சுற்றித் தம் பிள்ளைகளை வளர்த்துவரும் ஒரு தாய் என்னிடம் வந்தார். “சாமி, எங்க வீட்லயும் ஒரு ராஜா இருந்தாரு. உக்காந்து தின்பாரு, கேட்டா கை ஓங்குவாரு. செபத்துல அந்தச் சொல்லு எனக்கு வரமாட்டேங்குது” என்றார். எனக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. குருமடத்தில் எவரும் கேளாத கேள்வி அது.

யூத மக்கள் இறைவனின் நான்கெழுத்துத் திருப்பெயரை உச்சரிப்பதில்லை. அவ்விடத்தில் ‘அதோனாய்’, அதாவது ‘என் தலைவர்’ என்றே வாசிப்பர். நமது வழிபாட்டிலும் அத்திருப்பெயரை உச்சரித்தலாகாது என்று உரோமைத் திருவழிபாட்டுப் பேராயம் 2008-இல் அறிவுறுத்தியது. எபிரேயத்தில் அரசன் ‘மெலெக்’, அரசி ‘மல்கா’. வினைமுற்றும் பால் காட்டும். ஏன், ‘நீ’ என்பதற்கே ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல்! ஆகவே, அங்கே மொழிபெயர்ப்பாளர் ஒளிவதற்கு இடமில்லை.

தமிழில் நம் முன்னோர் சர்வேசுரன் என்றனர். சீர்திருத்த சபையினர் பராபரன் என்றும், பின்னர் 1871-ஆம் ஆண்டுத் திருப்புதலில் தேவன் என்றும் எழுதினர். யாவும் ‘ன்’ ஈறு பெற்ற ஆண்பாற் சொற்கள். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ ‘கடவுள்’, ‘ஆண்டவர்’ என்ற சொற்களைக் கொண்டது. ‘கடவுள்’ என்பதில் பால் ஈறே இல்லை. ‘ஆண்டவர்’ என்பதிலுள்ள ‘அர்’ மரியாதைப் பன்மை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ‘அதோனாய்’ என்பதும் வடிவில் பன்மையே என்பதை எண்ணும்போது, இச்சொல்லைத் தேர்ந்தோரை வணங்கத் தோன்றுகிறது. ஆள் என்னும் அதே வேரிலிருந்துதான் ஆண்டாள் என்ற பெயரும் பிறந்தது.

எனினும் இலக்கணம் வேறு, காது வேறு. ‘ஆண்டவர்’ என்றதும் தாடி வைத்த ஓர் ஆடவரையே மனம் காண்கிறது. அதற்காக ‘மெலெக்’ என்பதை அரசி என்று பெயர்க்க எனக்கு உரிமையில்லை. மூலத்தில் இல்லாததை எழுதுவது பொய். (நம் ஊர்த் தாய்மார் பெண் குழந்தையையும் “என் ராசா” என்று கொஞ்சுவது வேறு செய்தி.)

மறுவாரம் அந்தத் தாயிடம், “‘நீர்’ என்று மட்டும் சொல்லி மன்றாடும், அம்மா. தமிழில் அச்சொல்லுக்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை” என்றேன். தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்று இறைவனே உரைக்கும் எசாயா 66-ஆம் அதிகாரத்தையும் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

கிறிஸ்து அரசர் பெருவிழா வருகிறது. ஏழையின் கூக்குரலைக் கேட்டு, ஒடுக்குபவனை நொறுக்கும் அரசனைப் பாடும் 72-ஆம் திருப்பாடலை அன்று விளக்க எண்ணியிருக்கிறேன். அவர் முன்வரிசையில் அமர்ந்திருப்பார்.