மாற்றியது யார்?

ஊடகவியல் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்தும்போது நான் முதலில் சிவப்பு மையால் அடிக்கும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘தொழில்நுட்பம் திரைத்துறையைத் தலைகீழாக மாற்றிவிட்டது.’ பெரும்பாலான ஆய்வேடுகள் இப்படித்தான் தொடங்கும். “ஏன் மேம் அடிச்சீங்க? இதுல என்ன தப்பு?” என்று கேட்பார்கள். தப்பு என்னவென்றால், அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. எந்திரத்தை வாங்கியது யார், வேலை இழந்தது யார், மிச்சமான பணம் யார் பைக்குள் போனது, திரையில் யார் பெயர் வந்தது என்று எதுவும் அதில் கிடையாது. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோலத் தொழில்நுட்பமும் தானாக வந்து தானாக மாற்றிவிட்டுப் போனதாக எழுதுகிறோம். அப்படி எழுதினால் யாருக்கோ வசதியாக இருக்கிறது. அந்த யாரோ பெரும்பாலும் பெண் இல்லை.

இதைக் கோபமாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, சென்னையில் டப்பிங் பேசும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பினாள். ஒரு காலத்தில் ஒரே மைக்கைச் சுற்றி நாலைந்து பேர் நின்று பேசிய காட்சியை, இன்று ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து தனித்தனி ட்ராக்கில் பேசிவிட்டுப் போகிறார்கள். இதனால் அவர்களுடைய கூலியும், வேலை நாட்களும், ஒருவரோடு ஒருவர் பேசிச் சேர்ந்து நிற்கும் வாய்ப்பும் என்ன ஆயின என்பது அவள் கேள்வி. தலைப்பை முடிவு செய்யும் குழுவில் ஒரு மூத்த பேராசிரியர் கேட்டார்: “இதுல டெக்னாலஜி எங்கம்மா இருக்கு? இது விமன் ஸ்டடீஸ் ஆச்சே. அங்க போய்ப் பண்ணு.” அன்றைக்கே ‘திருமண வீடியோக்களில் ட்ரோன் கேமரா’ என்ற தலைப்பு ஒரு கேள்வியும் இல்லாமல் ஒப்புதல் பெற்றது. ட்ரோன் என்றால் தொழில்நுட்பம். பெண்ணின் தொண்டையும் மைக்கும் ட்ராக்கும் என்றால் அது பெண்கள் சமாச்சாரம்.

அவள் தலைப்பை மாற்றிக்கொண்டாள். ஓடிடி தளங்கள் இளைஞர்களிடம் ஏற்படுத்தும் தாக்கம் என்று கேள்வித்தாள் கொடுத்து, விழுக்காடு போட்டு, நல்ல மதிப்பெண் வாங்கிப் போனாள். அந்தக் குழுவில் நானும் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த மௌனத்துக்கான கடன்.

அந்தப் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு வரலாறு என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.

1937இல் வெளிவந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தில் நாம் திரையில் பார்க்கும் ஒவ்வொரு கோடும், ஒவ்வொரு நிறமும் கையால் போடப்பட்டவை. அனிமேட்டர்கள் தாளில் வரைந்ததைச் செல்லுலாய்டு தாளில் மையால் பிரதியெடுத்து வண்ணம் தீட்டியது டிஸ்னியின் ‘இங்க் அண்ட் பெயின்ட்’ பிரிவு. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். மயிரிழை அகலத்தில் நடுங்காமல் கோடு இழுக்கும் வேலை அது. 1938இல் அனிமேஷன் பயிற்சிக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு அந்த நிறுவனம் எழுதிய பதில் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. படைப்பு வேலைகளை இளைஞர்களே செய்கிறார்கள், ஆகவே பெண்களைப் பயிற்சிக்கு எடுப்பதில்லை, பெண்களுக்கு இருப்பது மை தீட்டலும் வண்ணம் நிரப்பலும்தான் என்றது அந்தக் கடிதம். பிறகு ஜெராக்ஸ் முறை வந்தது. 1961இல் ‘நூற்றியொரு டால்மேஷியன்கள்’ படத்தில் அனிமேட்டரின் கோடு நேராகச் செல்லுலாய்டில் பதிந்தது. மை தீட்டிய பெண்களில் பெரும்பாலோருக்கு வேலை இல்லாமல் போனது. பாடப்புத்தகம் இதைச் ‘செலவைக் குறைத்த மைல்கல்’ என்கிறது. யாருடைய கூலி குறைந்து அந்தச் செலவு குறைந்தது என்று ஒரு வரி இருக்காது.

இங்கிலாந்துக்கு வாருங்கள். டெலியா டெர்பிஷயர் கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். டெக்கா நிறுவனத்தில் வேலை கேட்டபோது ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வைப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு பிபிசியின் ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, 1963இல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முகப்பிசையை உருவாக்கினார். மெட்டு ரான் கிரெய்னருடையது. அதை ஒலியாக்கியவர் டெலியா. சின்தசைசர் கிடையாது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக டேப்பில் பதிந்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, பிளேடால் வெட்டி ஒட்டினார். அதைக் கேட்ட கிரெய்னரே உரிமையில் பங்கு தர விரும்பினார். ஊழியர்களின் பெயரைப் போடுவதில்லை என்ற நிறுவன வழக்கம் குறுக்கே நின்றது. டெலியா 2001இல் இறந்தார். தொடரின் 50ஆம் ஆண்டுச் சிறப்புப் படத்தில்தான், 2013இல், அவர் பெயர் திரையில் வந்தது.

பெண்ணின் கையை மறைத்தது ஒரு பக்கம். பெண்ணின் உடலை அளவுகோலாக்கியது இன்னொரு பக்கம். கலர் ஃபிலிம் காலத்தில் அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஒரு பெண்ணின் படத்தை அனுப்பும். அதற்கு ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர். வெகுகாலம் அதில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரப் பெண்கள். அவர்களுடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி. கறுத்த முகம் புகைப்படத்தில் விவரம் இல்லாமல் இருண்டு போனால் அது அந்த முகத்தின் குற்றம். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இதைத் தோண்டி எடுத்தார். ஃபிலிமில் அடர் நிறங்கள் மேம்பட்டதற்கு, சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் செய்த புகார் ஒரு காரணம் என்று கோடாக்கில் இருந்தவர்களே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ‘கேமராவுக்குக் கறுப்பு எடுக்காதும்மா’ என்று புகைப்பட ஸ்டுடியோவில் பவுடர் அப்பி விடப்பட்ட நம் அம்மாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேமராவுக்குள் இருந்த ஃபிலிமை யாருடைய தோலுக்காகச் செய்தார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கணினிக் காலமும் இதிலிருந்து தப்பவில்லை. 1972 நவம்பர் ‘பிளேபாய்’ இதழின் நடுப்பக்கப் பெண்ணின் படத்தைத் தோளோடு வெட்டி, 1973இல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் படச் செயலாக்கச் சோதனைக்குப் பயன்படுத்தினார்கள். ‘லெனா’ என்ற அந்தப் படம் பல பத்தாண்டுகள் உலகெங்கும் வகுப்பறைகளில் பாடமாக இருந்தது. போதும், என்னை விட்டுவிடுங்கள் என்று 2019இல் அந்தப் பெண்ணே சொன்னார். ஐஇஇஇ அமைப்பு தன் இதழ்களில் அந்தப் படத்தை ஏற்பதில்லை என்று நிறுத்தியது 2024 ஏப்ரலில். ‘லெனா’வை வைத்துப் படம் சுருக்கும் முறையைப் பயின்ற மாணவிகளில் எத்தனை பேர் அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று கேட்க இடம் இருந்தது?

இனி நம் ஊருக்கு வருவோம். ‘விண்ணைத்தாண்டி வருவாயா’விலும் ‘96’இலும் த்ரிஷாவின் முகத்துக்குக் குரல் கொடுத்தவர் சின்மயி. ‘96’ வெளியான அடுத்த மாதம், 2018 நவம்பரில், அவர் டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்றது சங்கம். மீ டூவில் பேசியதற்குப் பழிவாங்கல் என்றார் அவர். குரலை மக்கள் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்திலேயே அந்தக் குரலின் பிழைப்பை ஓர் உறுப்பினர் அட்டையால் நிறுத்த முடிந்தது. பெயர் தெரிந்த பெண்ணுக்கே இந்த நிலைமை என்றால், கல்யாண வீட்டுக் காட்சியில் கூட்டத்துக்குக் குரல் கொடுக்கும் அக்காக்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பம்பா பாக்யாவின் குரலும் சாகுல் ஹமீதின் குரலும் மறுபடி ஒலித்தன. குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் தந்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் சொன்னார். 2024 ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரலை, அவர் தம்பி யுவன் சங்கர் ராஜா அதே ஆண்டு ‘கோட்’ படப் பாடலில் மீட்டெடுத்தார். கேட்டு அழுதவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் இங்கெல்லாம் அனுமதி கேட்க ஒரு குடும்பமோ, அன்போடு செய்ய ஒரு தம்பியோ இருந்தார்கள். பெயரே போடாத ஒரு குரலை நகலெடுக்கும்போது யாரிடம் போய் அனுமதி கேட்பார்கள்?

சட்டத்தைப் பாருங்கள் என்பார்கள். பார்த்தேன். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் ‘நிகழ்த்துநர்’ என்பவருக்கு உரிமைகள் தருகிறது. அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவில், அந்தச் சொல்லுக்கான விளக்கத்தில், ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில்கூட அவர் பெயர் வராது என்றால், அவர் நிகழ்த்துநர் இல்லை. தன் நிகழ்த்துதல் சிதைக்கப்படுவதை எதிர்க்கும் ஓர் உரிமைக்கு மட்டும் விலக்கு. மற்றபடி, பெயர் போடாதது உரிமை மறுக்கப்பட ஒரு காரணமாகிவிடுகிறது. கூட்டக் குரல் ‘தற்செயல்’ பங்குதானா, அதை யார் முடிவு செய்வது? என் மாணவி கேட்க விரும்பியது இதைத்தான். அந்த அறையில் யாருக்கும் அதில் தொழில்நுட்பம் தெரியவில்லை.

“தியரி எல்லாம் எதுக்கு மேம்? பொண்ணுங்க சாஃப்ட்வேர் கத்துக்கிட்டா தானா முன்னுக்கு வந்துடுவாங்க” என்று சொல்பவர்கள் உண்டு. கற்றுக்கொள்ளட்டும், நானும் கற்றுத்தருகிறேன். ஆனால் மை தீட்டிய பெண்களுக்குத் திறமை குறைவா? கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த டெலியாவுக்குத் தகுதி குறைவா? கருவியைக் கையாளத் தெரிந்தவருக்கெல்லாம் அதிகாரம் வந்துவிட்டதாக ஒரு கதையும் எனக்குத் தெரியாது. அதோடு, கற்றுக்கொள்ளும் வழியாவது சமமாக இருக்கிறதா? எடிட்டிங் லேப் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், பெண்கள் விடுதிக் கதவு ஆறரைக்கே மூடிவிடும் கல்லூரிகளில் நான் வேலை பார்த்திருக்கிறேன். பையன்களுக்கு இரண்டரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆண்டு முடிவில், ‘பசங்களுக்குத்தான் டெக்னிகல் மூளை’ என்று துறைத்தலைவர் மேடையில் பேசுவார்.

முதுகலை வகுப்பு என்பது வேலைக்குப் பயிற்சி தரும் இடம் மட்டுமாக இருந்தால் அதற்கு ஆறு மாத டிப்ளமோ போதும். இரண்டு ஆண்டு உட்கார வைத்து, ஓர் ஆய்வேடும் எழுதச் சொன்னால், கேள்வி கேட்கக் கற்றுத்தர வேண்டும். எந்தத் தொழில்நுட்பத்தைப் படித்தாலும் நாலு கேள்விகளுக்குப் பதில் எழுதாத ஆய்வேட்டை ஏற்கக் கூடாது: இதை வாங்க முடிவெடுத்தது யார்? இதற்குமுன் இந்த வேலையைச் செய்த கைகள் யாருடையவை? அவர்கள் இப்போது எங்கே? பெயரும் பணமும் யாருக்குப் போயின? படத்தின் டைட்டில் பட்டியலையும் ஒப்பந்தத் தாளையும் பாடமாக வைக்க வேண்டும். டப்பிங் பேசும் பெண்களை, கிராபிக்ஸ் கூடத்தில் ஃப்ரேம் ஃப்ரேமாகக் கம்பியை அழிக்கும் பெண்களை, வல்லுநர்களாக அழைத்து மதிப்பூதியம் கொடுத்துப் பேசவைக்க வேண்டும். ஆய்வேட்டைத் தமிழில் எழுத அனுமதிக்க வேண்டும். யாருடைய உழைப்பைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் அதைப் படித்து, ‘இது தப்பு, நடந்தது இப்படி’ என்று சொல்ல முடிய வேண்டும்.

இந்த ஆண்டு முதுகலை சேரும் தோழிகளே, உங்கள் தலைப்பைப் பார்த்து, ‘இதில் தொழில்நுட்பம் எங்கே இருக்கிறது?’ என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடாதீர்கள். அவர்கள் வேறு துறைக்குப் போகச் சொன்னாலும் போகாதீர்கள். மை தீட்டிய கையில், டேப்பை வெட்டிய பிளேடில், பவுடர் அப்பிய முகத்தில், கூட்டத்தில் கலந்துபோன குரலில் இருக்கிறது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். அந்த மேசைக்கு மறுபக்கம் என்னைப் போல வாய் மூடியிருக்கும் ஒருத்தி இருப்பாள். அவளைப் பார்த்துச் சொல்லுங்கள். இந்த முறை அவள் பேசித்தான் ஆக வேண்டும்.