சொட்டும் இடமும் கசியும் இடமும்

பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர்களில் சிலர், குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர வசதியாயிருக்குமென்று, பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய பெரிய சொகுசு மோட்டார் வண்டிகளை வாங்குகிறார்கள். புதிதாயிருந்தபோது விற்ற விலையில் ஒரு சிறு பங்குக்கே அவை கிடைக்கின்றன. ஆனால் வண்டியின் விலை இறங்கியதே தவிர, அதன் உதிரி உறுப்புகளின் விலையும் பட்டறைக் கூலியும் இறங்கவில்லை. இதை மறந்து வாங்கியவரின் சேமிப்பு முதலில் கரையத் தொடங்குவது பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய்க் கசிவினால்தான். ஆகவே இம்மாதம் அதைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

ஓர் உதாரணத்தைக் கொண்டு பேசினால் விஷயம் தெளிவாகும். ஜெர்மானிய நிறுவனமாகிய பி.எம்.டபிள்யூ., எக்ஸ் 5 என்னும் வண்டியை 1999-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்து ஸ்பார்டன்பர்க் தொழிற்சாலையில் அது உருவாயிற்று. 2006-இல் வந்த அதன் இரண்டாம் தலைமுறையில், என் 52 எனப்படும் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய வண்டிகளும் உண்டு. திறமையான எஞ்சின்தான், ஆயினும் வயதேறியபின் மூன்று இடங்களில் எண்ணெய் கசியவிடும் என்பது மெக்கானிக்குகள் நன்கறிந்த செய்தி.

முதலாவது, எஞ்சினின் உச்சியிலுள்ள வால்வு மூடியின் காஸ்கெட். இரண்டாவது, எண்ணெய் வடிகட்டியைத் தாங்கும் உலோகக் கூடு எஞ்சினோடு சேருமிடத்திலுள்ள காஸ்கெட். மூன்றாவது, அடியில் எண்ணெய் தங்கும் சம்ப் என்னும் தொட்டியின் காஸ்கெட். மூன்றும் ஒரே காரணத்தால் கெடுகின்றன. புதிதில் மிருதுவாயிருந்து இடுக்கை நிரப்பிய காஸ்கெட், ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து இறுகிப் போகிறது. அப்புறம் எண்ணெயைத் தடுக்கும் வலிமை அதற்கு இல்லை.

மூன்றும் காஸ்கெட்தான் என்றாலும் மூன்றின் செலவும் ஒன்றன்று. வடிகட்டிக் கூட்டின் காஸ்கெட் ஒரு சிறு ரப்பர்த் துண்டு. அதை மாற்றும் வேலையும் அவ்வளவு பெரிதன்று. சம்ப் காஸ்கெட்டோ அப்படியன்று. நான்கு சக்கரங்களும் இழுக்கும் இவ்வண்டியில் முன்சக்கரங்களுக்குச் செல்லும் அச்சுத்தண்டு சம்ப்பினூடே போகிறது. ஆகையால் எஞ்சினை மேலிருந்து தாங்கிப் பிடித்து, முன்புறச் சட்டத்தைக் கீழே இறக்கினாலன்றி அந்தத் தொட்டியைக் கழற்ற இயலாது.

இங்கேதான் குடும்பத்தின் பணம் பாழாகிறது. மேலே வடிகட்டிக் கூட்டருகில் கசியும் எண்ணெய், எஞ்சினின் பக்கவாட்டில் வழிந்து, சம்ப்பின் விளிம்பில் திரண்டு சொட்டுகிறது. கீழிருந்து பார்ப்பவர் "சம்ப் கசிகிறது" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார். பெரும் பணம் செலவழித்து அதை மாற்றிய மறுவாரமே பழையபடி சொட்டுகிறது. ரயில்வே பார்சல் ஆபீஸில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு மூட்டை எந்த ஸ்டேஷனில் இறங்கியது என்பதைக் கொண்டு, அது எங்கே ஏற்றப்பட்டது என்று கூற முடியுமா? வந்த வழியைத் தேடிப் பார்க்க வேண்டும். எண்ணெய்க்கும் அதுவே முறை.

தேடும் வழி இது. இரவில் வண்டியின் கீழ் வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். விழுவது நிறமற்ற நீரானால், அது பெரும்பாலும் குளிர்சாதனத்தின் நீரே; கவலை வேண்டா. பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் வழவழப்பாயிருந்தால் எஞ்சின் எண்ணெய் என்று ஐயுறலாம். ஆனால் அட்டையில் கறை விழுந்த இடத்தையே சாட்சியாகக் கொள்ளலாகாது. எஞ்சினுக்கு அடியில் ஒரு காப்புத் தகடு இருப்பதால், எண்ணெய் அதில் தேங்கி, வேறோர் ஓரத்தில் சொட்டும்.

பின்பு பட்டறையில் அந்தத் தகட்டைக் கழற்றி, எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைக்கச் செய்யுங்கள். அழுக்கும் பழைய எண்ணெயும் படிந்த எஞ்சினில் கசிவு தேடுவது வீண். கழுவியபின் சிறிது தூரம் ஓட்டி வந்து, மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும்; ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே ஈரம் காணும் இடங்களுள் மிக உயர்ந்ததும் மிக முன்னுள்ளதும் எதுவோ, அதன்மேலேயே முதற் சந்தேகம் செல்ல வேண்டும். கண்ணுக்குப் புலப்படாவிடில், எண்ணெயில் கலக்கும் சாயம் ஒன்று உண்டு. புற ஊதா விளக்கொளியில் அது கசியும் இடத்தைப் பளிச்சென்று காட்டிவிடும்.

மற்றொன்றையும் சோதிக்காமல் விடலாகாது. எஞ்சினுக்கும் மூச்சுக்குழல் உண்டு. பிஸ்டன்களின் ஓரமாய் இறங்கும் வாயு, அதன் வழியே வெளியேறி மீண்டும் காற்றோடு கலந்து எரிகிறது. அவ்வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் பெருகி, எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயை வெளியே தள்ளும். அந்நிலையில் புதுக் காஸ்கெட்டும் நெடுநாள் தாங்காது. கருவி வைத்து அழுத்தத்தை அளந்த பிறகே பழுது பார்க்கச் சொல்லுங்கள்.

பழுது பார்ப்பதிலும் சில நெறிகள் உண்டு. சேருமிடத்தைப் பழைய பிசுக்கின்றித் துடைக்க வேண்டும். வால்வு மூடியைக் கழற்றும்போது அதில் விரிசல் இருக்கிறதா என்று நோக்க வேண்டும். மூடியே விண்டிருந்தால் காஸ்கெட் என்ன செய்யும்? பலங்கொண்ட மட்டும் இறுக்கினால் கசிவு நின்றுவிடும் என்பது தவறான நம்பிக்கை. டார்க் ரெஞ்சு கொண்டு, விதித்த வரிசையில், விதித்த அளவே இறுக்க வேண்டும். இந்த எஞ்சினின் உடல் மக்னீசியமும் அலுமினியமும் சேர்த்து வார்க்கப்பட்டது. அதில் பூட்டும் அலுமினியத் திருகாணிகள் ஒருமுறை கழற்றினால் மறுமுறைக்கு ஆகா. புதியவற்றையே இட வேண்டும். கசிவை நிறுத்துவதாகக் கூறி விற்கும் மருந்துத் திரவங்கள் இறுகிய ரப்பரைச் சில காலம் உப்பச் செய்யலாம். அது நோய் தீர்க்கும் வைத்தியமன்று.

எதை உடனே கவனிப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சம்ப் விளிம்பில் சிறு ஈரம் மட்டுமே என்றால், எண்ணெய் அளவைக் கவனித்தபடி பணம் சேரும்வரை பொறுக்கலாம். அளவு பார்க்கும் குச்சி இவ்வண்டியில் இல்லை. மின் காட்டியே அளவைக் கூறும். ஆனால் வால்வு மூடியிலிருந்து வழியும் எண்ணெய், கொதிக்கும் புகைக்குழாயில் பட்டால் கருகல் நாற்றமும் புகையும் எழும், தீப்பற்றவும் கூடும். வடிகட்டிக் கூட்டின் எண்ணெய் முன்புறப் பெல்ட்டில் விழுந்தால், பெல்ட் வழுக்கி நழுவிக் கிழியும். அப்போது பாட்டரிக்கு மின்சாரம் ஏறாது, ஸ்டியரிங் கனத்துவிடும். கிழிந்த நார்கள் கிராங்க் ஷாப்டின் முன் சீலுக்குள் இழுபட்டு, எஞ்சினையே பாழாக்குவதும் உண்டு. மனைவி மக்களோடு நெடுஞ்சாலையில் செல்கையில் இது நேர வேண்டுமா? ஆகையால் இவ்விரண்டையும் நாள் கடத்தாமல் சரிசெய்வதே அறிவுடைமை.

மெக்கானிக்கிடம் "என்ன செலவாகும்?" என்று முதலில் கேட்காதீர்கள். "எங்கே கசிகிறது? எனக்குக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நல்ல தொழிலாளி விளக்கைப் பிடித்து மகிழ்ச்சியோடு காட்டுவார். காட்ட இயலாதவரிடம் வண்டியை விட்டுவராதீர்கள்.